பள்ளிக்கு மானியம் உண்டு, பிள்ளைக்கு இல்லை

போன மாதம் நிலக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தங்கை திண்டுக்கல்லுக்கு வந்திருந்தார். தன் காலனியில் எட்டு வருடமாக இரவுப் பாடசாலை நடத்துகிறவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தோம். பட்டியல் சாதியினர் மத்தியில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் கொடுக்கிற மானியத்துக்கான விண்ணப்பம் அது. சங்கப் பதிவு இருந்தது. நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண் இருந்தது. தணிக்கை அறிக்கைகூட, யார் யார் காலிலோ விழுந்து வாங்கி வைத்திருந்தார். பயனாளிகளில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கேட்கிற கட்டம் வந்தது.

"எல்லாப் பிள்ளையும் ஒரே தெருதாண்ணே. நாப்பத்தி மூணுன்னு போடுங்க."

"சான்றிதழ் கேப்பாங்கம்மா."

பையிலிருந்து நகல் கட்டை எடுத்து எண்ணினோம். 17 சான்றிதழ்களில் இந்து என்று இருந்தது. மீதி 26இல் கிறித்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஒரே தெரு, ஒரே குடிதண்ணீர்க் குழாய், ஊர்க்காரர்கள் வாயில் ஒரே பெயர். அரசின் கணக்கில் மட்டும் இரண்டு சாதி.

இந்தக் கட்டத்துக்கு ஏறக்குறைய 170 வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மானியத்துக்கு எழுதிப்போடுவது, வழக்கு என்னவென்றே தெரியாமல் கோர்ட் வாசலில் போய் நிற்பது மாதிரி.

1854இல் சார்லஸ் வுட் லண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து தொடங்கலாம். இந்தியா முழுக்கப் பள்ளி நடத்த கம்பெனி அரசிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை. அதனால் தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கலாம் என்றது அந்த அறிக்கை. மதப் பள்ளியா என்று பார்க்க வேண்டாம், உலகக் கல்வி ஒழுங்காக நடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பள்ளியில் சொல்லித்தரும் மத போதனையை ஆய்வாளர் கண்டுகொள்ளக் கூடாது. இதற்குத்தான் மத நடுநிலைமை என்று பெயர். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் கல்வித் துறை வந்தது, மானிய விதிகளும் வந்தன. விதியில் எல்லோருக்கும் கதவு திறந்திருந்தது. ஆனால் சேரிக்குள் நடந்து போய் ஓலைக் கொட்டகை போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்க அன்றைக்கு யார் தயாராக இருந்தார்கள்? கிறித்தவ மிஷன்கள்தான். ஆகவே சேரிக்கு வந்த அரசுப் பணம் முதலில் சிலுவை வழியாகத்தான் வந்தது. இதைச் சொல்வதில் எனக்குச் சங்கடம் இல்லை. சங்கடப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1985இல்தான். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் மறு ஆண்டே திண்டுக்கல்லில் ஒரு நிலையத்தைத் திறந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டாக்டர் எட்வர்ட் செஸ்டர் இங்கே மருத்துவம் பார்த்தார், ஆட்களைப் பயிற்றுவித்தார். கத்தோலிக்கத் தரப்பில் இயேசு சபையார் இருந்தார்கள். இரு தரப்பின் பள்ளிகளும் காலப்போக்கில் அரசு மானியத்துக்குள் வந்தன. இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்க மிஷனரிகளின் சொந்த நாட்டில் அரசும் சபையும் ஒட்டக் கூடாது என்பது அரசியல் சட்டம். அவர்கள் இங்கே வந்து இன்னொரு ராஜாங்கத்தின் கஜானாவிலிருந்து பள்ளிக்குப் பணம் வாங்கினார்கள். அந்த நாட்டிலேயே 2001இல் ஜார்ஜ் புஷ் வெள்ளை மாளிகையில் ஒரு தனி அலுவலகம் திறந்து, மத அமைப்புகளும் சமூக அமைப்புகளும் கூட்டாட்சி அரசின் மானியத்துக்குப் போட்டியிட வழி செய்தபோது பெரிய விவாதம் கிளம்பியது. மக்கள் வரியில் பணம் வாங்குகிற ஒரு சபை, தன் மதத்துக்காரருக்கு மட்டும்தான் வேலை தருவேன் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கும் அது வரும்.

மிஷன் மானியத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் தேர்ச்சிக்குத் தக்க மானியம் என்ற முறை சென்னை மாகாணத்தில் வெகுவாக நடந்தது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பரீட்சை வைப்பார், தேறியவர்களின் தலையை எண்ணித் தொகை வரும். சேரிப் பிள்ளை அதற்குமுன் அரசின் எந்த நல்ல கணக்கிலும் தலையாக எண்ணப்பட்டதில்லை. இங்கே எண்ணப்பட்டான். ஆனால் எண்ணிக்கை அவனுடையது, தொகை நிர்வாகியுடையது. அந்த அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை என்பதுதான் என் வாதம்.

நம் முன்னோர்கள் கையேந்தி நின்ற காலம் அது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர் அயோத்திதாசர் எழுந்து, எங்களுக்கு ஏன் கோவில் நுழைவு இல்லை என்று கேட்டார். உங்களுக்குத்தான் காட்டேரியும் மதுரைவீரனும் இருக்கிறார்களே என்று பதில் வந்தது. உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி கொடுங்கள், தரிசு நிலத்தைக் கொடுங்கள் என்று அவர் கோரிக்கையைத் திருப்பினார். ஆறே வரியில் சொல்லிவிடக்கூடிய இந்தச் சம்பவத்தில்தான் தலித் அரசியலின் நிதிக் கோரிக்கை பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியது அடுத்த ஆண்டு.

அதே இரண்டு ஆண்டுகளில் இரண்டு அரசாணைகள். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் நிலத்துக்கான ஆணை. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் தேடித் திரிவது அதைத்தான். 1893 பிப்ரவரியில் கல்விக்கான ஆணை. பஞ்சமர் கல்வியின் மாக்னா கார்ட்டா என்று பிற்காலத்தில் பெயர் பெற்றது. பெரிய சேரிகளில் தனிப்பள்ளி, கட்டடத்துக்குப் புறம்போக்கு இடம், பஞ்சமர் ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளி, உதவித்தொகை என்று அதில் பல இருந்தன. தனிப்பள்ளி ஏன் என்று கேட்க வேண்டும். ஊர்ப் பொதுப் பள்ளி சேரிப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தது. மறுக்கிற பள்ளியைத் திருத்துவதைவிடத் தனியாக ஒன்று கட்டுவதும், கட்டுகிறவருக்கு மானியம் கொடுப்பதும் அரசுக்குச் சுலபம். அப்படித்தான் சேரிக்கு ஒரு பள்ளி, ஊருக்கு ஒரு பள்ளி என்பது அரசாங்கச் செலவிலேயே உறுதியானது. நிலத்தைப் பொறுத்தவரை செங்கல்பட்டில் மிஷனரிகள் கலெக்டரிடம் முட்டி மோதி வாங்கித் தந்தது உண்மை. சென்னையில் 1894இல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளிகளோ கிறித்தவம் அல்லாத ஒரு வழியைக் காட்டின. எப்படியானாலும் நடுவில் ஓர் ஆள் உண்டு.

நடுவில் நிற்கிறவர் சாதியைக் கடந்தவரா? அமெரிக்கன் மதுரை மிஷன் 1847இல் தன் ஊழியர்களுக்கும் சபையாருக்கும் ஒரு சோதனை வைத்தது. ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் சமைத்ததை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பலர் மறுத்து வெளியேறினார்கள். வேதம் சொல்லும் வாய்க்கு அந்தச் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மிஷன் பிடிவாதமாக நின்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் தரப்பில் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணத்தையும் மற்றவர் பிணத்தையும் பிரிக்கிற சுவர் உலகறிந்தது. 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமாகும் வரை நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அந்தத் திருச்சி மறைமாவட்டத்துக்காரர்கள்தான்.

பணம் கொடுக்கிறவர் நிபந்தனை போடலாம் என்பதை இந்த நாடு பெரியாரிடமும் கற்றது. சேரன்மாதேவி குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது. பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும், பொதுப்பணம் வாங்கிக்கொண்டு தனிப்பந்தியா என்று அவர் கேட்டார். பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் சண்டையாகவே அது நினைவில் நிற்கிறது. எனக்கு அது மானிய வரலாற்றின் ஒரு பக்கமாகவும் தெரிகிறது.

1919, 20 வாக்கில் சென்னை அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் காரியங்களைப் பார்க்கத் தனி அலுவலரை வைத்தது. அதிலிருந்து வளர்ந்தது லேபர் டிபார்ட்மெண்ட். வீட்டுமனை, கிணறு, கூட்டுறவுச் சங்கம், பள்ளி எல்லாம் அதன் கையில். ஊர்ப் பெரியவர்கள் இன்னும் "லேபர் ஸ்கூல்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அரசு நடுவில் ஆள் இல்லாமல் நேரடியாகச் சேரிக்குள் பள்ளி வைத்தது அப்போதுதான். பின்னால் அவை அரிஜன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாகின. 2023இல் அவற்றையெல்லாம் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்தத் தகராறு தனிக் கட்டுரைக்கு உரியது.

1932இல், புனா ஒப்பந்தத்தின் கையோடு, அரிஜன சேவக் சங்கம் வந்தது. தலைவர் பிர்லா, செயலாளர் தக்கர் பாபா. அண்ணல் அம்பேத்கரும் முதலில் மத்தியக் குழுவில் இருந்து, பிறகு விலகினார். சங்கம் யாருக்காக நடக்கிறதோ அவர்கள் நிர்வாகத்தில் இல்லை என்பது அவர் தரப்பின் குற்றச்சாட்டு. தீண்டாமை சாதி இந்துக்களின் பாவம், பரிகாரம் செய்ய வேண்டியவர்கள் அவர்கள், ஆகவே நிர்வாகமும் அவர்களிடம் என்பது காந்தியின் பதில். பாவமும் அவர்களுடையது, பரிகாரமும் அவர்களுடையது, நிர்வாகமும் அவர்களுடையது. நமக்கு என்ன மிச்சம்? பயனாளி என்ற கட்டம். மதுரையில் வைத்தியநாத ஐயர் 1939இல் கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சி கோவிலுக்குள் அழைத்துப் போனது அந்தச் சங்கத்தின் பெருமை. அதை நான் மறுக்கவில்லை. விடுதலைக்குப் பிறகு மத்திய அரசின் மானியம் அந்தச் சங்கத்துக்கும், ஜெகஜீவன்ராமோடு சேர்த்துப் பேசப்படும் பாரதீய ஒடுக்கப்பட்டோர் கழகத்துக்கும், அவை போன்ற அமைப்புகளுக்கும் போனது. மிஷனரி இருந்த இடத்தில் கதர் சட்டை.

திண்டுக்கல் சமவெளியில் இதன் முகம் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் கோ.இராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் சின்னாளபட்டிப் பக்கம் தொடங்கினார்கள். சௌந்தரம் ஆத்தூர், வேடசந்தூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962இல் திண்டுக்கல் எம்.பி.யாகவும் ஆனவர். அவர் கைகொடுத்துப் படிக்க வைத்த ஒரு தலித் பெண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு ஓரவஞ்சனையாகிவிடும். பட்டிவீரன்பட்டிப் பக்கத்து அய்யன்கோட்டைக்காரரான கிருஷ்ணம்மாள்தான் அவர். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு அவரும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். 1981இல் லாஃப்டி என்ற நில அமைப்பைத் தொடங்கினார்கள். வங்கிக் கடனையும் அரசின் நிதியையும் வைத்துப் பண்ணையாரிடம் விலை பேசி நிலம் வாங்கினார்கள். பட்டா தலித் பெண்கள் பெயரில். பணம் அமைப்பு வழியாக வந்தாலும் கடைசியில் காகிதம் யார் பெயரில் நிற்கிறது என்பதுதான் கேள்வி என்று எனக்குப் புரிய வைத்தது அந்த வேலை. பட்டியல் சாதிப் பெண்கள் பெயரில் நிலம் வாங்க அரசே இன்று தாட்கோ வழியாக மானியம் தருகிறது. நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் என்று இப்போது பெயர். திண்டுக்கல்லில் உள்ள பெண்கள் தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். இதற்கு எந்தச் சங்கத் தலைவரின் சிபாரிசும் தேவையில்லை. ஆனால் சான்றிதழ் தேவை.

சான்றிதழுக்கு வருவோம். 1950இல் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைக் கடைப்பிடிக்கிறவர் பட்டியல் சாதி உறுப்பினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். நூறு வருடமாகச் சேரிப் பிள்ளையின் தலையை எண்ணி மிஷனுக்கு மானியம் கொடுத்த அதே அரசு, அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பங்கைக் கேட்டபோது நீ அந்தத் தலை இல்லை என்றது.

இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன மனிதர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. சென்னை ரோட்டோரத்தில் உட்கார்ந்து தைத்த சூசை. 1980களின் தொடக்கத்தில் பட்டியல் சாதியினருக்கான மத்திய சிறப்பு நிதியில், ரோட்டோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, கிறித்தவ ஆதிதிராவிடரான சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் கேட்டது ஒரு பெட்டிக்கடை. நீதிமன்றம் 1985இல் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, இந்து சமூகத்தில் இருந்த அதே கொடுமை புதிய மதச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த நிரூபணம் திருச்சிக் கல்லறையில் செங்கல்லாக நின்றுகொண்டிருந்தது. சூசை தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனவர்கள் எவரும் அவருடைய ஞானஸ்நானப் பத்திரத்தைப் பார்த்து மரியாதை கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதையும் நீதிமன்றத்துக்குச் சொல்ல ஆளில்லை.

2004இல் தொடங்கிய வழக்கு இருக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையத்துக்கு ஆகிற செலவில் எத்தனை பெட்டிக்கடை வாங்கலாம் என்று எனக்கு எண்ணம் ஓடும். தமிழ்நாடு அரசு மதம் மாறிய ஆதிதிராவிடர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்து, தன் சொந்த நிதியில் கல்வி உதவித்தொகை தருகிறது. அது நல்லது, போதாது. பட்டியல் சாதிக்கான மத்திய நிதியும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், தனித்தொகுதியும் அவர்களுக்கு இல்லை.

அதே வேளையில் சபை என்ற நிறுவனத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அரசியல் சட்டம் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் நிர்வாகம் என்பதற்காக மானியத்தில் பாகுபாடு கூடாது என்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசு கஜானாவிலிருந்து வருகிறது. சிறுபான்மை உரிமையை நான் ஆதரிக்கிறேன், அதைப் பறிக்கத் துடிக்கிறவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். 29ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளி சாதியைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. (நமக்காக எழுதப்பட்டது போலிருக்கும் இந்தப் பிரிவை வைத்துத்தான் 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி உரிமை ஆணையையே அடித்தார்கள். முதல் திருத்தம் அப்படித்தான் வந்தது.) பிள்ளையைச் சேர்க்கச் சொன்ன சட்டம், அந்தப் பள்ளியில் ஆசிரியர் வேலை யாருக்கு என்பதில் சிறுபான்மை நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டுச் சுழற்சியைக் கட்டாயமாக்கவில்லை. அமெரிக்காவில் எழுந்த கேள்வியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில், 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஒப்புக்கொண்டது. அந்த விகிதம் சம்பளப் பட்டியலில் தெரிகிறதா? ஒவ்வொரு பள்ளியும் தன் ஆசிரியர் பட்டியலைப் பங்கு மக்கள் முன் வைக்கட்டுமே. அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

அரசு மானியத்துக்கு வெளியே இருந்த ஒரே ஜன்னல் வெளிநாட்டு நிதி. அவசரநிலையில், 1976இல், அதற்குச் சட்டம் போட்டார்கள். 2010இல் புதிதாக எழுதினார்கள். 2020 திருத்தம்தான் அடிமடியில் கை வைத்தது. வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கு வேண்டும். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை கிராமங்களில் தலித் பெண்கள் நடத்துகிற சிறு சங்கங்களுக்கு நேரடியாக எந்த நாட்டிலிருந்தும் பணம் வந்ததில்லை. பெரிய நிறுவனம் வாங்கி அதில் ஒரு துண்டு கொடுக்கும். அந்தத் துண்டுதான் நின்றது. இந்தத் தங்கையின் பாடசாலைக்கு விளக்கெரிந்ததும் அப்படி ஒரு துண்டில்தான். அது நின்ற பிறகு மூன்று வருடம் தன் நூறு நாள் வேலைக் கூலியில் சாக்பீஸ் வாங்கியிருக்கிறார்.

2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத்திட்ட நிதிக்கென்று சட்டம் இயற்றியிருக்கிறது. மக்கள்தொகை விகிதத்தில் ஒதுக்குவது, ஒதுக்கியதைச் செலவிடுவது, செலவைக் கண்காணிப்பது என்று அதில் ஏற்பாடுகள் உண்டு. பல ஆண்டு போராட்டத்தின் பலன். அங்கேயும் பட்டியல் என்றால் 1950 பட்டியல்தான்.

ஜெராக்ஸ் கடையில் அன்றைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். 43 என்று போட்டால் பொய், 17 என்று போட்டால் இன்னொரு பொய். கடைக்காரப் பையன் ஒரு யோசனை சொன்னான். "அக்கா, அந்த இருபத்தாறு பேருக்கும் இந்துன்னு மாத்தி வாங்கிருங்க, தாலுகா ஆபீஸ்ல எனக்கு ஆள் இருக்கு." தங்கை அவனைத் திட்டவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போகிற தன் அம்மாவைப் பற்றி மட்டும் ஏதோ சொன்னார்.

கடைசியில் 17 என்று எழுதினோம். மற்றவர்கள் என்ற கட்டத்தில் 26 என்று எழுதிவிட்டு, தனித்தாளில் அதே தெருவின் பெயரையும் வீட்டு எண்களையும் வரிசையாக எழுதி இணைத்தோம். ஒன்றாம் எண் இந்து, இரண்டாம் எண் கிறித்தவர், மூன்றாம் எண்ணில் அண்ணன் இந்து, தம்பி கிறித்தவர். அதைக் கேட்டு விண்ணப்பத்தில் கட்டம் எதுவும் இல்லை. பின் குத்தும்போது தங்கை கேட்டார், "இதப் படிப்பாங்களாண்ணே?"